பொருளாளர் நாற்காலியில் ஒரு மாணவர்



சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் நாங்கள் வணிகம் படித்தது மூன்றாண்டு. வரவு செலவு எழுதுவதை விரிவுரையாளர் கற்றுத் தந்தார். பிறர் பணத்துக்குப் பொறுப்பேற்பதை மாணவர் மன்றம் கற்றுத் தந்தது. விழாவுக்கு நன்கொடை கேட்டுக் கடை கடையாக ஏறினோம். ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வைத்தோம். ஆண்டுக் கூட்டத்தில் கணக்கை வாசித்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னோம். கணக்கியல் நண்பர்கள் ஏசிசிஏ போன்ற தொழில்முறை அமைப்பில் மாணவர் உறுப்பினராகி, தொழில் நேர்மையையும் ஒரு பாடமாகவே படித்தார்கள். இன்று வியாபாரத்தில் எங்களுக்குக் கைகொடுப்பது அந்தப் பழக்கம்தான்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஆனால் கல்லூரியில் பொருளாளராக இருக்கும் பிள்ளை நம் சங்கத்துக்கு வந்தால் நாற்காலி அடுக்குகிறார், நோன்புக் கஞ்சி ஊற்றுகிறார். அதுவும் நற்பணியே. கணக்குப் புத்தகம் மட்டும் அவர் கைக்கு வருவதில்லை. படிப்பு முடிந்ததும் அவர் வரவும் நின்றுவிடுகிறது.

பொன்விழா ஆண்டில் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். செயலவையில் இரண்டு இடங்களை மாணவர்களுக்கு ஒதுக்குங்கள். ஒருவரைத் துணைப் பொருளாளர் ஆக்குங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருந்து வழிகாட்டுங்கள். நூற்றாண்டு விழாக் கணக்கை வாசிக்கப் போகிறவர்கள் அவர்கள்தான், இன்ஷா அல்லாஹ்.