ஆவின் மேய்ச்சலும் ஆட்டின் மேய்ச்சலும்
(விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பள்ளியில் பயிலும்போதே கல்லூரிப் பாடங்களையும் பயில்வது நன்றா? அவ்வாறு பயின்றால் நல்ல கல்லூரியில் இடம் கிடைக்குமா? இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள இல்லங்கள் பலவற்றில் இன்று எழும் வினாக்கள் இவை. இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் வெவ்வேறானவை. அவற்றை ஒன்றெனக் கொள்வதால் பொருளை இழக்கும் பெற்றோரும், உறக்கத்தை இழக்கும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே அவற்றைப் பிரித்துப் பார்ப்பது இன்றியமையாதது.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே இன்று நிற்கும் எல்லைக்கோடு பழமையானது அன்று. தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அதற்கு முன்னர்ப் பதினோராம் வகுப்போடு பள்ளிப்படிப்பு முடிந்தது. அடுத்த ஓராண்டுப் புகுமுக வகுப்பு கல்லூரியில் நடந்தது. பதினாறு வயதுப் பிள்ளை கல்லூரிப் பேராசிரியரிடம் பாடம் கேட்டது அன்றைய வழக்கம். அதற்காக இவ்வட்டாரப் பிள்ளைகள் ஊரைவிட்டுப் புறப்பட வேண்டியிருந்தது. விருதுநகரில் 1947இலும் சிவகாசியில் 1963இலும் கல்லூரிகள் தோன்றின. இராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி 1973இல் தோன்றியது. எனவே, பதினாறு வயதில் கல்லூரிப் பாடம் என்பது புதுமையும் அன்று, இயலாததும் அன்று.

அதைவிட இளமையிலேயே கல்லூரிப் பாடத்தைக் கற்ற ஒருவரைத் தமிழகம் உலகுக்கு அளித்தது. கும்பகோணத்தில் சீனிவாச இராமானுஜன் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, அவர் வீட்டில் கல்லூரி மாணவர்கள் தங்கியிருந்தனர். அவர்கள் அறிந்த கணக்கை அச்சிறுவர் விரைவில் கற்று முடித்தார். லோனி எழுதிய முக்கோணவியல் நூலைப் பதின்மூன்று வயதிற்குள் தேர்ந்தார். 1903இல் கார் என்பவர் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை வரிசையாகக் கூறி, நிறுவல்களை மிகச் சுருக்கமாகவே தரும் நூல் அது. அவற்றைத் தாமே நிறுவிப் பார்த்ததே அவர் பெற்ற உயர்கல்வி.

இவ்வரலாற்றின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன், கணக்கிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டார். ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி உதவித்தொகை அளிக்கும் வரை அவர் பட்ட வறுமை பெரிது. முன்கூட்டிக் கற்ற கல்வி அவரை மேதையாக்கியது. ஆயினும் கல்லூரிக் கதவை அது திறக்கவில்லை. அக்கதவுக்குரிய திறவுகோல் வேறாக இருந்தது.

இன்றும் நிலை ஏறத்தாழ அதுவே. அமெரிக்காவில் பள்ளி மாணவர் அருகிலுள்ள கல்லூரியில் பாடம் பயின்று, அதன் மதிப்பெண்ணைப் பின்னர்ப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கைக் குழுவினரும் அதனை மதித்து நோக்குவர். அங்குள்ள உறவினர் சொல்லக் கேட்டு, இங்கும் அவ்வாறே என்று எண்ணுவோர் உளர். தமிழகத்துப் பொறியியல் கலந்தாய்வில் கணக்கிற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. மருத்துவத்திற்கு நீட் மதிப்பெண். கைநிறையச் சான்றிதழ் வைத்திருப்பினும் இவ்விடங்களில் அரை மதிப்பெண்ணும் கூடாது. ‘இந்தச் சான்றிதழ் இருந்தால் சேர்க்கை உறுதி’ என்று பணம் கேட்பவரிடம், ‘எந்தக் கல்லூரியில்? எந்த விதிப்படி?’ என்ற இரண்டு வினாக்களைப் பெற்றோர் கேட்டாலே போதும்.

ஆயினும் உண்மையான வாயில்களும் உள்ளன. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பதினொன்றாம் வகுப்பு இறுதித் தேர்வு எழுதிய மாணவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். எந்தப் பிரிவு, எந்த வாரியம் என்ற தடையில்லை, ஜே.இ.இ. தேர்வும் வேண்டா. ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிவழிச் சிந்தனை ஆகிய நான்கில் நான்கு வாரம் பாடம் கேட்டு, ஒப்படைப்புகளை முடித்து, தேர்வு மையத்தில் நேரில் தேர்வெழுத வேண்டும். அதில் தேறியவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பட்டப்படிப்பில் சேரலாம். கல்லூரிப் பாடத்தைக் கற்றுக் காட்டுவதே இங்குச் சேர்க்கைக்கு வழி. இது சென்னை வளாகத்தில் தங்கிப் பயிலும் பி.டெக். அன்று என்பதையும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் குறைந்தோர்க்குக் கட்டணச் சலுகை உண்டு.

ஒரே காலத்தில் இரு பட்டங்கள் பயிலப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் இசைவளித்தது. அதன் பயனை எண்ணிப் பாருங்கள். மகளை வெளியூர் அனுப்ப இயலாத நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் இராஜபாளையத்தில் இருக்கிறார் எனக் கொள்வோம். அவர் மகள் உள்ளூர்க் கல்லூரியில் ஒரு பட்டமும், வீட்டிலிருந்தே இந்த இணையவழிப் பட்டமும் பயில முடியும். முந்தைய தலைமுறைப் பெண்களுக்கு இவ்வாய்ப்பு இருந்ததில்லை.

பட்டம் வேண்டா, பாடம் மட்டும் போதும் என்போர்க்கு ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். உண்டு. பாடம் கேட்கக் கட்டணமில்லை. சான்றிதழ்த் தேர்வு எழுத மட்டுமே கட்டணம்.

வாயில்கள் பலவானபோது எப்படிக் கற்பது என்ற வினா எழுகிறது. அதற்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டா. சமண முனிவராகிய பவணந்தியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரம் மாணாக்கர் இயல்பை உவமைகளால் வகுக்கிறது. பசு மிகுந்த புல்லைக் கண்ட இடத்தில் நின்று வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும். அதனை ஒத்தவர் முதல் மாணாக்கர். ஆடு தழை மிகுந்த செடி முன்னே நின்றாலும் நிறைய மேயாது, செடிதோறும் சென்று நுனி கடிக்கும். அதனை ஒத்தவர் கடை மாணாக்கர். ஆறு மாதத்தில் பத்துச் சான்றிதழ் சேர்ப்பது ஆட்டின் மேய்ச்சல். ஆண்டுக்கு ஒரு பாடத்தை முழுமையாகக் கற்பது ஆவின் மேய்ச்சல்.

அப்பாயிரம் மற்றொன்றும் கூறுகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் புலமையில் கால் பங்கே கிட்டும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரை. கைப்பேசித் திரையில் பாடம் கேட்கும் மாணவர்க்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை கிடைக்காது. திரை தருவது கால் பங்கு. இராஜபாளையத்து மாணவிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவனுக்கும் இடையே அரைமணி நேரப் பேருந்துப் பயணமே உள்ளது. ஒரே பாடத்தை எடுத்த நால்வர் ஞாயிறுதோறும் ஓரிடத்தில் கூடினால் அடுத்த கால் பங்கு வரும். கற்றதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்கினால் எஞ்சிய அரைப் பங்கும் வரும். அறக்கட்டளைகள் ஓர் அறையும் இணைய இணைப்பும் தந்தாலே இது நடக்கும்.

பெற்றோர் கொள்ள வேண்டிய நெறிகள் எளியவை. பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையே இதற்கு ஏற்ற காலம். ஒரு நேரத்தில் ஒரு பாடம் போதும். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் அதை நிறுத்திவைப்பது இழப்பாகாது. பள்ளிப் பாடத்தைக் கைவிடுவதே இழப்பு. இரவு பதினொரு மணிக்கு மேல் பிள்ளையின் அறையில் விளக்கெரிந்தால், பெருமை கொள்ளாமல் அதை அணைக்கச் சொல்ல வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பாடத்தைப் பிள்ளையே தெரிந்தெடுக்க வேண்டும்.

மேல்நிலைப் பள்ளிக்குப்பின் கிடைக்கும் இடம் மதிப்பெண்ணால் வருவது. நான்காண்டுகளில் அது பயன்பட்டு முடியும். விரும்பிக் கற்ற ஒரு பாடம் அதன் பின்னும் உடன்வரும். இடத்திற்காகக் கற்பவர், இடம் கிடைக்காதபோது கற்றதையும் வீண் என்று எண்ணுவார். கல்விக்காகக் கற்றவர்க்கு அவ்விழப்பு இல்லை. இவ்வூர்களின் பிள்ளைகள் ஆவென மேய்ந்து, அமர்ந்து அசைபோட்டுக் கற்பார்களாக!