செத்தவீடு முடிந்த பிறகு வருகிற கடதாசி வேலைகள்

(மாதாந்தச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இண்டைக்குப் பேசப் போகிற விஷயம் கேட்க நல்லாய் இராது. போன சந்திப்பில் தலைப்பைச் சொன்ன உடனேயே பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா, "நல்ல நாளிலை இதென்ன கதை பிள்ளை" எண்டு கேட்டவ. எங்கடை ஆக்கள் எட்டுச் செலவு, அந்தியேட்டி, கல்வெட்டு எல்லாவற்றையும் ஒரு குறையும் இல்லாமல் செய்வார்கள். அதற்குப் பிறகு வருகிற கடிதங்களைத்தான் திறக்கப் பயப்படுகிறார்கள்.

ஒரு அக்கா என்னிடம் வந்தவ. ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றித்தான் சொல்லுகிறேன். கணவர் திடீரென்று மோசம் போய்விட்டார். மகளின் படிப்புக்கென்று அவர் சேர்த்த காசு முழுக்க அவருடைய தனிப் பெயரில் வங்கியில் இருந்தது. வங்கி கடிதம் போட்டது: புறோபேற் பத்திரம் கொண்டு வந்தால்தான் காசு விடலாம் எண்டு. யாரோ அவவுக்கு "புறோபேற் எண்டால் கோட்டு" எண்டு சொல்லிவிட்டார்கள். அக்கா அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு நாலு மாதம் பேசாமல் இருந்தவ. "ரீச்சர், நான் ஒரு பிழையும் செய்யேல்லை, என்னை ஏன் கோட்டுக்குக் கூப்பிடுகினம்?" எண்டுதான் முதல் வார்த்தை.

எனக்கு அது விளங்கியது. எங்களுக்குக் கோடு என்றால் அகதி வழக்கு அப்பீல்தான். எதிரே ஒருவர் இருந்து குறுக்குக் கேள்வி கேட்பார், நாங்கள் சொல்வதை நம்பமாட்டார். புறோபேற் அப்படி இல்லை. ஒருவரும் சண்டை பிடிக்காவிட்டால் நீதிபதி முன் போகவே தேவையில்லை. இறந்தவரின் சொத்தைப் பொறுப்பெடுக்க இன்னாருக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் தருகிற ஒரு பத்திரம், அவ்வளவுதான். முந்தி சத்தியக் கடதாசிக்காக ஒருவர் முன் போய் நிற்க வேண்டியிருந்தது. 2018 நவம்பருக்குப் பிறகு அதுவும் இல்லை. "நான் சொல்வது உண்மை" என்ற கூற்று ஒன்றை உறுதிப்படுத்தினால் போதும்.

நான் சொல்லுவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்கொட்லாந்தில் நடைமுறை வேறு, அங்கே இருக்கிற உறவுகளுக்காகத் தெரிந்தவர்கள் தனியாகக் கேட்டு வையுங்கோ.

முதலில் பத்திரம் தேவையா எண்டு பாருங்கோ. கூட்டுக் கணக்கென்றால் பெரும்பாலும் மரணச் சான்றிதழைக் காட்டினால் மற்றவர் பெயருக்கு வந்துவிடும். வீட்டை இருவரும் 'ஜொயின்ற் ரெனன்ற்ஸ்' என்று வாங்கியிருந்தால் அதுவும் மற்றவருக்கே போகும். காணிப் பதிவகத்துக்கு ஒரு படிவம் அனுப்பினால் சரி, அதற்குக் கட்டணம் இல்லை. 'ரெனன்ற்ஸ் இன் கொமன்' என்று பங்கு பிரித்து வாங்கியிருந்தால்தான் இறந்தவரின் பங்குக்குப் பத்திரம் வேண்டும். வங்கிக் காசு சிறிய தொகை என்றால் பத்திரம் கேட்காமலும் விடுவார்கள். எல்லை வங்கிக்கு வங்கி வேறு. இன்னொன்று, கணக்கு முடங்கியிருந்தாலும் செத்தவீட்டு பில்லைக் கொடுத்தால் அந்தக் கணக்கில் இருந்தே வங்கி நேராகக் கட்டும். இது தெரியாமல் வட்டிக்கு வாங்கிக் கட்டினவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்தது பெயர். இதிலேதான் எங்கடை ஆக்கள் கூடுதலாக மாட்டுப்படுவது. ஊரிலே நான் படிப்பித்த காலத்தில் இடாப்பில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெயர்தான். இங்கே வந்தால் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிடும், வங்கியில் முன்னெழுத்து, வேலையிடத்தில் சுருக்கிக் கூப்பிடுகிற பெயர். அந்த அக்காவின் கணவருக்கு மூன்று விதமாக இருந்தது. மரணத்தைப் பதியும்போதே அவர் பாவித்த எல்லாப் பெயரையும் பதிவாளருக்குச் சொல்லுங்கோ, எழுத்துக் கூட்டலைக் கையெழுத்து வைக்க முதல் வாசியுங்கோ. பிறகு திருத்துவதற்குக் காசும் போகும் நாளும் போகும். புறோபேற் படிவத்திலும் வேறு பெயர்கள் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கு. சொத்து எந்தப் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயர் பத்திரத்தில் வராவிட்டால் வங்கி திருப்பி அனுப்பும். ஏஜென்சிக்காரன் கொடுத்த பெயரில் வந்து அதிலேயே விசா எடுத்தவர்களும் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். அப்படியென்றால் படிவத்தைத் தொட முதல் சொலிசிற்றரிடம் போங்கோ. தெரிந்துகொண்டு பொய் எழுதினால் வழக்கு வரும்.

உயில் இருந்தால் அதில் பெயர் போட்ட நிறைவேற்றுநர் விண்ணப்பிக்க வேணும், படிவம் பீ ஏ 1 பீ. உயில் இல்லாவிட்டால் பீ ஏ 1 ஏ, முதல் உரிமை கணவன் அல்லது மனைவிக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. இரண்டையும் இணையத்திலும் செய்யலாம். உயிலின் மூலப் பிரதியைத்தான் அனுப்ப வேணும். தயவுசெய்து போட்டோப் பிரதி எடுக்கிறதுக்காக அதில் அடித்த பின்னைக் கழற்றாதேங்கோ. பின் ஓட்டையைக் கண்டால் ஏதும் தாள் உருவப்பட்டதா என்று கேள்வி வரும். சாட்சிக் கையெழுத்து வைத்தவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ உயிலில் ஏதும் எழுதியிருந்தால் அது பொதுவாகக் கிடைக்காது. மகளுக்கு வீட்டை எழுதிவிட்டு மருமகனைச் சாட்சிக்குப் பிடித்த ஐயா ஒருவர் இருந்தார். நல்ல காலம், உயிரோடை இருக்கும்போதே காட்டினார், புதிதாக எழுதினார்.

உயில் இல்லாமல் போனால் சட்டம் பிரிக்கும். பிள்ளைகள் இருந்தால், கணவன் அல்லது மனைவிக்குத் தனிப்பட்ட பொருட்களும் முதல் 322,000 பவுண்ஸும் (இந்தத் தொகை 2023 ஜூலையில் வந்தது), மிச்சத்தில் பாதியும். மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. அந்த அக்காவின் மச்சான்காரர் ஊரிலிருந்து போன் எடுத்து, "எங்கடை தேசவழமைப்படி அம்மாவுக்கும் பங்கு இருக்கு" எண்டு நிண்டவர். கணவர் கடைசி வரை இங்கேதான் எண்டு முடிவெடுத்து வாழ்ந்தவர். ஆகவே இங்கே இருக்கிற காசுக்கு இங்கத்தைச் சட்டம், அது முழுவதும் மனைவிக்கே. மாமியாருக்கு உதவி செய்வது அவவின் விருப்பம், அது வேறு கதை.

இதிலே ஒரு பெரிய கவலை எனக்கு இருக்கு. இங்கே கோயிலில் தாலி கட்டிப் பதிவு எழுதாமல் இருக்கிற தம்பதிகள். இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும், உயில் இல்லாவிட்டால் இந்தச் சட்டத்தில் தன்பாட்டில் ஒரு பென்ஸ் வராது. வழக்குப் போட்டுத்தான் கேட்க வேணும். ஊரிலே சடங்கு செய்தவர்களின் நிலை வேறாக இருக்கலாம், கடதாசிகளோடு வந்து கேளுங்கோ.

கட்டணம்: சொத்து 5,000 பவுண்ஸுக்கு மேல் என்றால் 2024 மே மாதம் 300 பவுண்ஸ் ஆக்கினார்கள். அனுப்புகிற நாளில் ஒருக்கா சரிபாருங்கோ. வருமானம் குறைந்தவர்கள் கட்டணக் குறைப்புக்கு விண்ணப்பிக்கலாம். வரியைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். மனைவிக்கோ கணவனுக்கோ போகிறதுக்குப் பொதுவாக மரணவரி இல்லை. மற்றவர்களுக்கு 325,000 பவுண்ஸுக்கு மேல்தான் அந்தக் கேள்வி வரும்.

கடன். வங்கிக் கடன், கிரெடிற் கார்ட் எல்லாம் இறந்தவரின் சொத்தில் இருந்துதான் கட்ட வேணும். நீங்கள் சேர்ந்து கையெழுத்து வைத்திராவிட்டால் உங்கள் சம்பளத்தில் கை வைக்கேலாது. ஆனால் கடன் இருக்கத்தக்கதாகச் சொத்தைப் பிரித்துக் கொடுத்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அந்தியேட்டிக்கு அடுத்த நாள் ஒருவர் வந்து, "அண்ணர் என்னட்டைப் பத்தாயிரம் மாறினவர்" எண்டு சொன்னால் அழுதுகொண்டு எடுத்துக் கொடுக்காதேங்கோ. எழுத்தில் கேளுங்கோ. சீட்டும் அப்படித்தான், கணவர் எந்தச் சீட்டில் எத்தனை கட்டினார் எண்டு கொப்பியில் எழுதி வைத்திருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கோ.

அக்காவுக்குப் பத்திரம் கடைசியில் தபாலில் வந்தது. நீதிபதியை அவ ஒருநாளும் காணவில்லை.

ஊர்க் காணியைப் பற்றி முன்வரிசை ஐயா கேட்டார். காணி எங்கே கிடக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம். இங்கத்தைப் பத்திரத்தை யாழ்ப்பாணத்தில் காட்டி உறுதி மாற்றேலாது, அங்கத்தை நீதிமன்றத்தின் ஊடாகத்தான் போக வேணும். அதற்கு அங்கே ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கோ.

நாங்கள் சொலிசிற்றர்கள் இல்லை. படிவம் வாசிக்க, நிரப்ப, கடிதத்துக்குப் பதில் எழுத உதவுவோம். வரும்போது மரணச் சான்றிதழ், விவாகப் பதிவு, வங்கிக் கடிதங்கள், அவருடைய பெயர் இருக்கிற எல்லாக் கடதாசியும் கொண்டு வாங்கோ. உயில் இருந்தால் பின்னோடேயே கொண்டு வாங்கோ.