மாட் பண்ணின பழைய கார் வாங்கியாச்சு, முதல்ல எதைக் கழட்டிப் பார்க்கணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல், நீளத்துக்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் கோயம்புத்தூர்ல ஒரு பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கினேன். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். நான் மூணாவது ஓனர். காலேஜ் நாள்ல இருந்து ஆசைப்பட்ட வண்டி. ரீமேப், டவுன்பைப், லோயரிங் ஸ்பிரிங், அகலமான அலாய் வீல், ட்ராக் பிரேக் பேடுன்னு அதுல ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை நடந்திருந்தது. எல்லாம் செஞ்சு முடிச்ச வண்டி, நமக்குச் செலவு மிச்சம்னு ஒரு சந்தோஷம் வேற.

அம்மா ஒரு கல்யாணத்துக்காக அங்க வந்திருந்தாங்க. அவங்களையும் ஏத்திக்கிட்டு அதே வண்டியில சென்னைக்குக் கிளம்பினேன். ஏறக்குறைய 500 கிலோமீட்டர். பெருந்துறை தாண்டி, வேகம் நூறை நெருங்கினதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிச்சது. அம்மா கவனிச்சுட்டாங்க. "ஏம்ப்பா, உன் கை ஏன் இப்படி ஆடுது?"ன்னு கேட்டாங்க. "பெர்ஃபார்மன்ஸ் வண்டி அப்படித்தாம்மா இருக்கும்"னு சொன்னேன். அன்னைக்குக் காலையில வண்டியை எடுத்து முதல் தடவை பிரேக் மிதிச்சப்போ சரியா பிடிக்கலை. அதுக்கும் மனசுக்குள்ள அதே பதிலைத்தான் சொல்லிக்கிட்டேன்.

இன்னைக்கு நான் பேசப் போறது அந்தப் பதிலைப் பத்தித்தான். மாட் பண்ணின வண்டியில ஒரு அறிகுறி தெரிஞ்சா, அதை வண்டியோட குணம்னு நினைச்சுக்குறோம். பாதி நேரம் அது குணம் இல்லை, யாரோ அரைகுறையா விட்ட வேலை.

அஞ்சு சுத்துல கையோட வந்த போல்ட்

ரெண்டு வாரம் கழிச்சு அம்பத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட வண்டியை விட்டேன். ரீமேப்பைப் பத்தித்தான் எனக்குப் பயம். "அண்ணே, இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதே? முதல்ல ஸ்கேனரைப் போட்டுப் பாருங்கண்ணே"ன்னு சொன்னேன். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. "இன்ஜின் நின்னா ரோட்டோரம் நிப்பே தம்பி. முதல்ல வீலைக் கழட்டு"ன்னார்.

பின்பக்க வீல்ல ஒரு போல்ட்டை லூஸ் பண்ணிட்டு, "எத்தனை சுத்துல வருதுன்னு எண்ணு"ன்னார். எண்ணினேன். அஞ்சு சுத்து. அஞ்சாவது சுத்துல போல்ட் கையோட வந்துடுச்சு.

இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்றேன். இந்த வண்டியோட வீல் போல்ட் 14 மில்லிமீட்டர் விட்டம். ஒரு சுத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே போகும். போல்ட்டோட விட்டம் எவ்வளவோ, குறைஞ்சது அவ்வளவு நீளமாவது மரை பிடிச்சிருக்கணும்ங்கிறது பட்டறைகள்ல சொல்ற பொதுவான கணக்கு. 14-ஐ ஒன்றரையால வகுத்தா ஒன்பது சுத்துக்கு மேல வரணும். எனக்கு வந்தது அஞ்சு. காரணம், வீல் வெளியே தள்ளி அழகா நிக்கணும்னு யாரோ பின்னாடி 8 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டிருக்காங்க, போல்ட்டை மட்டும் மாத்தலை. ஸ்பேசர் போட்டா அந்த அளவுக்கு நீளமான போல்ட் போடணும்.

அதோட முடியலை. அந்த போல்ட்டுகள் கம்பெனி வீலுக்கான போல்ட். அதோட கழுத்து உருண்டையா இருக்கும், பால் சீட்னு சொல்வாங்க. வெளிச்சந்தை அலாய் வீல்ல பெரும்பாலும் துளை புனல் மாதிரி இருக்கும், அது கோன் சீட். ஒரு புனலுக்குள்ள இன்னொரு புனலை வெச்சுப் பாருங்க, முழுசா ஒட்டிக்கும். அதே புனல்ல ஒரு எலுமிச்சம்பழத்தை வெச்சா? மெல்லிசா ஒரு வட்டத்துல மட்டும்தான் தொடும். என் வண்டியில நாலு வீலும் அந்த எலுமிச்சம்பழக் கணக்குலதான் நின்னுட்டு இருந்தது. எவ்வளவு இறுக்கினாலும் ஓட ஓட லூஸ் ஆகலாம், அலாய் துளையை அரிச்சுக்கிட்டே போகலாம்.

சரி, அந்த நடுக்கம் எதனால? இந்த போலோவோட ஹப் 57.1 மில்லிமீட்டர். வெளிச்சந்தை வீல் பல வண்டிக்கும் பொருந்தணும்னு நடுத்துளையைப் பெருசா விட்டுச் செய்வாங்க. அந்த இடைவெளியை அடைக்க ஹப் ரிங்னு ஒரு வளையம் உண்டு. அது இருந்தா வீல் நடுவுல சரியா உட்காரும். என் வண்டியில ஒரு வீல்லகூட இல்லை. வீல் ஒரு முடி அளவு தள்ளி உட்கார்ந்தாலும் வேகத்துல ஸ்டியரிங் ஆடும்.

அண்ணன் கேட்டார், "இந்த வீலோடவா கோயம்புத்தூர்ல இருந்து வந்தே?" அம்மா பக்கத்துல உட்கார்ந்து வந்தாங்கன்னு என்னால அவர்கிட்ட சொல்ல முடியலை.

கோன் சீட் போல்ட் இருபது, நாலு ஹப் ரிங் வாங்கினேன். ஸ்பேசரைக் கழட்டிட்டோம். டார்க் ரென்ச் வெச்சு 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து மறுபடி சரி பார்த்தோம். மொத்தச் செலவு ஒரு டேங்க் பெட்ரோல் காசுகூட இல்லை.

"அந்த வீல் நான் போடலை ப்ரோ"

எனக்கு வித்தவருக்கு அன்னைக்கு ராத்திரியே ஃபோன் பண்ணினேன். கோபமாத்தான் பண்ணினேன். அவர் நிஜமாவே அதிர்ச்சி ஆகிட்டார். "அந்த வீல் நான் போடலை ப்ரோ. நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு. நானும் நடுக்கத்தை டயர் பிரச்சினைன்னு நினைச்சு ரெண்டு தடவை பேலன்ஸ் பண்ணினேன்"னார்.

அவரும் என்னை மாதிரியே 'செஞ்சு முடிச்ச வண்டி'யை நம்பி வாங்கினவர்தான். முதல் ஓனர் ஏதோ ஒரு கடையில போட்ட வீலை அதுக்கப்புறம் யாரும் கழட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கலை.

நான் பயந்த ரீமேப்போட கதை நேர் எதிர். அதை அவர்தான் பண்ணினார். என்னைக்குப் பண்ணினது, எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதினது, முன்னாடியும் பின்னாடியும் எடுத்த டைனோ ரிப்போர்ட், கம்பெனி ஃபைலோட காப்பின்னு எல்லாத்தையும் பத்து நிமிஷத்துல அனுப்பிட்டார். ட்ராக் பேடும் அவர் போட்டதுதான். கோவைக்குப் பக்கத்துல செட்டிப்பாளையத்துல இருக்கிற கரி ஸ்பீட்வேயில ஓட்டுறதுக்காகப் போட்டிருக்கார். அந்த மாதிரி பேடு சூடேறினாத்தான் நல்லாப் பிடிக்கும், காலையில முதல் பிரேக்குல பிடிக்காது. ட்ராக்ல ஓட்டுறவருக்கு அது சரியான பேடு. மேடவாக்கத்துல ஸ்கூல் பஸ்ஸுக்குப் பின்னாடி போற எனக்கு ஆபத்து.

அன்னையில இருந்து ஒவ்வொரு மாட்டுக்கும் நாலு கேள்வி கேட்கிறேன். என்ன மாத்தியிருக்கு? யார், எப்போ மாத்தினது? எதுக்காக? அதோட கூடவே மாத்த வேண்டியது எல்லாம் மாத்தியிருக்கா? நாலாவது கேள்வியிலதான் பெரும்பாலான வண்டி மாட்டும். வீல் மாத்தி போல்ட் மாத்தாதது, பவர் ஏத்தி ஸ்பார்க் பிளக் மாத்தாதது, லைட் மாத்தி ரிலே போடாம பழைய வயர்லயே விட்டது எல்லாம் ஒரே வகைத் தப்பு.

இன்ஜின் பக்கம்

இப்போ ஸ்கேனருக்கு வருவோம். பிழைக் குறியீடு ஏதும் இல்லைன்னு காட்டினா சந்தோஷப்படாதீங்க. விக்கிறதுக்கு முந்தின நாள் அழிச்சிருக்கலாம். ரெடினெஸ்னு ஒரு பகுதி இருக்கு, அதைப் பாருங்க. வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சதா இல்லையான்னு அது சொல்லும். எல்லாமே 'முடியலை'ன்னு காட்டினா, சமீபத்துல யாரோ மெமரியை அழிச்சிருக்காங்க, இல்லேன்னா பேட்டரியைக் கழட்டியிருக்காங்க. ஒரு வாரம் சாதாரணமா ஓட்டிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்க.

அடுத்தது மிஸ்ஃபயர் எண்ணிக்கை, நாக் எவ்வளவு வருது, கிளட்ச் நிலவரம். நாக்னா சிலிண்டருக்குள்ள பெட்ரோல் தப்பான நேரத்துல வெடிக்கிறது. 100 ஆக்டேனுக்கு எழுதின மேப்ல சாதா பெட்ரோல் ஊத்தினா வர்ற பிரச்சினை இது. சென்சார் கண்டுபிடிச்சு டைமிங்கைப் பின்னாடி இழுக்கும், ஆனா அது அவசரத்துக்கான பாதுகாப்பு. தினமும் அதை நம்பி ஓட்டக்கூடாது.

என் வண்டிக்கு கம்பெனி கொடுத்தது 105 பி.எஸ். பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க். இதுல இருக்கிற டிஎஸ்ஜி ஆயில்ல மூழ்காத டிரை கிளட்ச் வகை. அந்த கியர்பாக்ஸ் தாங்குற டார்க் 250 வரைக்கும்தான்னு கம்பெனியே சொல்லுது. டைனோ ரிப்போர்ட்படி என் வண்டி 220-ஐத் தாண்டியிருந்தது. தாங்கும், ஆனா மிச்சம் ரொம்பக் கம்மி. நான் ஓட்டுறது ஓஎம்ஆர் ட்ராஃபிக்ல, அடி அடியா ஊர்ந்து போற ஓட்டம். டிரை கிளட்ச்சுக்குச் சூடு ஏறுறது அந்த ஓட்டத்துலதான்.

டவுன்பைப்பும் அதோட சேர்ந்த விஷயம். என் வண்டியில போட்டிருந்ததுல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே இல்லை. புகையில இருக்கிற விஷ வாயுவைக் குறைக்கிற பாகம் அது. சத்தம் அருமையா இருந்தது, பின்னாடி பைக்ல வர்றவருக்கு மூச்சு முட்டியிருக்கும். நல்ல வேளையா பழைய ஓனர் கம்பெனி டவுன்பைப்பை வீட்டுப் பரண்ல பத்திரமா வெச்சிருந்தார். லாரி பார்சல்ல அனுப்பி வெச்சார். இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க: மாட் பண்ணின வண்டி வாங்கும்போது கழட்டின ஒரிஜினல் சாமானையும் சேர்த்துப் பேரம் பேசுங்க. அப்புறமா புதுப்பேட்டையில தேடி அலையறதைவிட அது சுலபம்.

சஸ்பென்ஷன், ஒரு நிமிஷத்துல

ஸ்பிரிங்ல கம்பெனி பேரும் பார்ட் நம்பரும் இருக்கான்னு பாருங்க. நுனி வெட்டின மாதிரி இருந்தா, கம்பெனி ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்தியிருக்காங்கன்னு அர்த்தம். யோசிக்காம மாத்திடுங்க. ஷாக்ல ஆயில் கசிவு இருக்கா, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் எங்கேயாவது உரசுதா, பின் சீட்ல மூணு பேர் உட்கார்ந்தா உரசுதான்னும் பாருங்க.

சட்டமும் இன்சூரன்ஸும்

இதைக் கேட்க யாருக்கும் பிடிக்காதுன்னு தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சியில இருக்கிற விவரத்துக்கும் மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் கொடுக்கலாம். பதில் சொல்ல வேண்டியது இப்போ ஆர்சியில பேர் இருக்கிறவர். மாத்தினது முதல் ஓனர்னு விளக்கிக்கிட்டு நிக்க வேண்டி வரும்.

இன்சூரன்ஸ்லயும் அப்படித்தான். சொல்லாத மாற்றம் இருந்தா கிளெய்ம் வர்றப்போ சிக்கல் பண்ண அவங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். பாலிசியை உங்க பேருக்கு மாத்தும்போதே என்ன இருக்குன்னு எழுத்துல சொல்லிடுங்க.

நான் என்ன பண்ணினேன்

கம்பெனி மேப்பையே திரும்பப் போட்டேன், கம்பெனி டவுன்பைப்பையும் மாட்டினேன். ஊருக்குள்ள ஓட்டுறதுக்கு ஏத்த பிரேக் பேடு போட்டாச்சு. வீல் சரியான போல்ட்டோட இருக்கு.

பொய் சொல்லலை, அந்த இழுவையை மிஸ் பண்றேன். மதுரவாயல் பைபாஸ்ல ரோடு காலியா இருக்கிறப்போ கால் தானா அழுத்தும், பழைய வேகம் வராது. ட்ராக்ல ஓட்ட ஆரம்பிச்சா மறுபடி யோசிப்பேன். அப்போ பிரேக், பேடு, கூலிங்னு எல்லாத்தையும் சேர்த்துத்தான் யோசிப்பேன்.

போன மாசம் அம்மாவை அதே வண்டியில காஞ்சிபுரம் கூட்டிட்டுப் போனேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நூறைத் தொட்டதும் நானே என் கையைப் பார்த்தேன். ஆடலை. போல்ட் விஷயத்தை அப்போதான் அவங்ககிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நான் அன்னைக்கே கேட்டேன்ல"ன்னு மட்டும் சொன்னாங்க.

மாட் பண்ணின வண்டி வாங்கியிருக்கிறவங்க இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. சமதரையில வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒரு வீல்ல ஒரே ஒரு போல்ட்டைக் கழட்டி எத்தனை சுத்துன்னு எண்ணுங்க. மறுபடி மாட்டி நல்லா இறுக்கிட்டு, அடுத்த வீலுக்குப் போங்க. எண்ணிக்கை கம்மியா இருந்தா வண்டியை எடுக்காதீங்க, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்க.

உங்க வண்டியில என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எங்களுக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.