மணிலா மதிலும் மத மதிலும்



நமது ஆற்காட்டுப் பக்கங்களில் நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்று சொல்லுகிறோம். அந்தப் பயிர் பிறந்தது தென் அமெரிக்காவில். அதற்குக் கீழ்க்கடலிலுள்ள ஒரு பட்டணத்தின் பெயர் வருவானேன்? ஸ்பெயின் ராஜாங்கத்தின் கப்பல்கள் 1565 முதல் 1815 வரையில், 250 வருஷ காலம், மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் பிலிப்பைன்ஸ் தீவுகளிலுள்ள மணிலாவுக்கும் போய் வந்துகொண்டிருந்தன. அங்கிருந்து வெள்ளி வந்தது. இங்கிருந்து சீனத்துப் பட்டு போயிற்று. அந்த வியாபாரத்தின் ஞாபகம்தான் நம் கடலைக்காட்டில் இன்றும் இருக்கிறது. அந்த மணிலாவின் பழைய பட்டணத்தை நாம் நடந்து பார்த்து வந்ததைப் பற்றிச் சொல்லும்படி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

பழைய பட்டணத்துக்கு இன்ட்ராமுரோஸ் என்று பெயர். லத்தீன் பாஷையில் 'மதிலுக்குள்' என்று அர்த்தம். மதிலின் சுற்றளவு சுமார் நாலரைக் கிலோமீட்டர். ஒரு காலை வேளையில் நடந்து முடித்து விடலாம். ஊர் காட்டுகிறவர்கள், இது இன்ன வாசல், இது இன்ன கொத்தளம், இது இன்ன மாதா கோவில் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். நாம் மூன்றே கேள்விகளை வைத்துக்கொண்டு நடந்தோம். இந்தக் கல்லைச் சுமந்தவன் யார்? இதற்குள் வாழ்ந்தவன் யார்? இதனால் கொழுத்தவன் யார்?

முதலாவது, சுமந்தவன். 1571-ல் லெகாஸ்பி என்னும் ஸ்பானியத் தளபதி வருவதற்கு முன் அங்கே சுலைமான் என்ற அரசனின் மரக்கோட்டை இருந்தது. அவ்விடத்தில்தான் இன்றைய சாந்தியாகோ கோட்டை நிற்கிறது. கல் மதில் 1590-களில் எழும்பத் தொடங்கிற்று. சுதேச ஆண்பிள்ளைகளில் 16 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் வருஷத்தில் 40 நாள் சர்க்காருக்குக் கட்டாய உழைப்புச் செய்ய வேண்டும் என்பது ஸ்பானியர் சட்டம். 1884-ல்தான் அது 15 நாளாகக் குறைக்கப்பட்டது. கல் அறுத்ததும், மரம் வெட்டியதும், கப்பல் கட்டியதும் அவர்கள்தான். கல்வெட்டில் இருப்பதோ கவர்னர் பெயர்!

இரண்டாவது, வாழ்ந்தவன். மதிலுக்குள் குடியிருக்க உரிமை ஸ்பானியருக்கு. நாட்டு மக்கள் வேலைக்காக உள்ளே வரலாம், குடியிருப்பு வெளியே. சீனருக்குப் பீரங்கி எட்டும் தூரத்தில் தனிச் சேரி. ஸ்பெயினில் பிறந்தவன் முதல் ஜாதி. ஸ்பானிய ரத்தமே ஆனாலும் தீவில் பிறந்தவன் அடுத்தது. கலப்பினத்தான் அதற்கும் கீழ். மண்ணுக்குச் சொந்தக்காரன் எல்லோருக்கும் அடியில். இதைக் கேட்கும்போது உங்களுக்கு வேறு ஏதாவது ஒரு ஊரின் தெரு ஞாபகத்துக்கு வருமானால் அதற்கு நாம் ஜவாப்தாரியல்ல.

மூன்றாவது, கொழுத்தவன். அவன் பாதிரி. பல மடத்துச் சந்நியாசிகள் அந்தத் தீவுகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கவர்னர்கள் வருவார்கள், போவார்கள், சந்நியாசி போகமாட்டான். ஏழ்மை விரதம் பூண்டவர்கள் என்று பெயர். ஆனால் ஸ்பானியர் ஆட்சி ஒழிந்தபின், 1903-ல் அமெரிக்க சர்க்கார் இம்மடங்களிடமிருந்து விலைக்கு வாங்கிய நிலம் மாத்திரம் சுமார் 4 லட்சம் ஏக்கர். கொடுத்த பணம் சுமார் 70 லட்சம் டாலர்! ஏழ்மை விரதமே இவ்வளவு சம்பாதித்துக் கொடுக்குமானால் செல்வ விரதம் என்னதான் கொடுக்காது?

பாதிரியிடம் ராஜ்யத்தை ஒப்புவித்தால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கே அத்தாட்சி இருக்கிறது. 1762-ல் இங்கிலீஷ்காரர் சென்னையிலிருந்து கப்பல் கட்டிக்கொண்டு போய் மணிலாவை அடித்தார்கள். நம் பக்கத்துச் சிப்பாய்களும் அதில் போனார்கள். திரும்பி வராமல் கைந்தா என்ற ஊரில் தங்கிவிட்டவர்களும் உண்டு. அப்போது தற்காலிக கவர்னராக இருந்தவர் ஆர்ச்பிஷப்பே! அத்தனை ஜெபமும் இருந்தும் சான் தியேகோ கொத்தளத்தருகே மதில் உடைந்தது. பட்டணம் கொள்ளை போயிற்று. இங்கிலீஷ்காரர் 1764-ல்தான் வெளியேறினார்கள்.

நிற்க, கோவில்களைப் பார்ப்போம். 1863-ம் வருஷம் ஜூன் 3-ந் தேதி, ஒரு பெரிய திருநாளுக்கு முந்திய தினம், பூகம்பம் வந்தது. பிரதான கோவிலின் கூரை விழுந்து, உள்ளே இருந்தவர்கள் மாண்டார்கள். அவர்களில் பெலாயெஸ் என்பவரும் ஒருவர். தீவில் பிறந்த பாதிரிகளுக்கும் உரிமை வேண்டும் என்று போராடியவர். 1607-ல் கட்டி முடிந்த சான் அகுஸ்தின் கோவில் மட்டும் நின்றது. அது கடவுள் கிருபை என்றால், விழுந்த கோவிலில் இருந்த கடவுள் யார்? நின்றது கொத்தனாரின் கைத்திறம் என்று சொன்னால் எந்த முடிச்சும் இல்லை. 1945 யுத்தத்திலோ மதிலுக்குள் இருந்த ஏழு கோவில்களில் ஆறு இடிந்தன. அந்த ஒரு மாதச் சண்டையில் மணிலாவில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனங்கள் செத்தார்கள்.

இனி, நாம் அங்கே போனதற்கு எது பிரயோஜனமோ அதைச் சொல்லுகிறோம். சாந்தியாகோ கோட்டையின் தரையில் வெண்கலத்தால் செய்த பாத அடிகள் வரிசையாகப் பதித்திருக்கின்றன. ஒரு மனிதன் கொலைக்களத்துக்கு நடந்துபோன வழி அது. அவர்தான் ஹோசே ரிசால்.

ரிசால் 1861-ல் பிறந்தார். கண் வைத்தியம் படித்தார். அவருக்குப் பதினொரு வயது முடிவதற்கு முன், 1872-ம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி, கோமெஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று பாதிரிகள் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்கள். கலகத்தில் சேர்ந்ததாகக் குற்றச்சாட்டு. உள்நாட்டுப் பாதிரிக்கும் கோவில் அதிகாரம் கொடு என்று கேட்டதே நிஜமான குற்றம். ஒரே வேதம், ஒரே ஜெபம், ஒரே அங்கி. ஆனாலும் பிறப்பு வேறு! மதத்துக்குள் இருந்துகொண்டே சமத்துவம் கேட்டவனுக்கு மதம் கொடுத்த பதில் இது.

ரிசால் துப்பாக்கி எடுக்கவில்லை. 1887-ல் ஒரு நாவலும் 1891-ல் இன்னொரு நாவலும் எழுதினார். இரண்டாவதை அந்த மூன்று பேருக்குக் காணிக்கையாக்கினார். சந்நியாசிகளின் கொள்ளையையும் காமத்தையும் ஜனங்களின் மூடத்தனத்தையும் அப்படியே எழுதினார். 1888-ல் மலோலோஸ் என்ற ஊரில் இருபது பெண்கள், தங்களுக்கு ஸ்பானிய பாஷை கற்க இராப்பள்ளி வேண்டும் என்று கவர்னரிடம் மனுக் கொடுத்தார்கள். உள்ளூர்ப் பாதிரி தடுத்தான். பெண்கள் விடவில்லை, பள்ளி திறந்தது. ரிசால் அப்பெண்களுக்கு 1889-ல் அவர்கள் தாய்மொழியிலேயே நீண்ட கடிதம் எழுதினார். முழங்காலிடுவதும் ஜெபமாலை உருட்டுவதும் பக்தியல்ல, நல்நடத்தையே பக்தி, அறிவு உங்களுடையது, அதை ஒருவனிடம் அடகு வைக்காதீர்கள் என்பதே அதன் சாரம்.

இதற்காக அவரை 1892 முதல் நாலு வருஷம் தூரத்து ஊர் ஒன்றில் ஒதுக்கி வைத்தார்கள். அங்கேயும் பள்ளி நடத்தினார், வைத்தியம் பார்த்தார், ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கடைசியில் 1896-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி, 35-வது வயதில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் அவருடைய நாட்டுக்காரச் சிப்பாய்களே. அவர்கள் சுடத் தவறினால் அவர்களைச் சுடுவதற்கு, பின்னால் ஸ்பானியச் சிப்பாய்கள்! அடிமைத்தனம் எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டுமா?

கொன்றதோடு விடவில்லை. சாவதற்கு முன் தன் கொள்கைகளை மறுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று பாதிரிகள் சொன்னார்கள். அந்தக் காகிதம் வெளிப்பட்டதோ 1935-ல்! அது நிஜமா பொய்யா என்று இன்றும் வழக்காடுகிறார்கள். நாம் கேட்பது வேறு: நிஜமாகவே இருக்கட்டும், நாளைக் காலையில் சுடப்படப் போகிறவனிடம் இரவில் வாங்கிய கையெழுத்தினால் அவன் பகலில் எழுதிய உண்மை பொய்யாகிவிடுமா?

1956-ல், அவ்விரு நாவல்களையும் பள்ளிகளில் கட்டாயம் படிக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, கத்தோலிக்க சபை பலமாக எதிர்த்தது. ஆனாலும் சட்டம் நிறைவேறிற்று. செத்து அறுபது வருஷத்துக்குப் பின்னும் ஒரு புஸ்தகத்துக்குப் பயப்படுகிறார்கள் என்றால் அது எப்பேர்ப்பட்ட புஸ்தகமாயிருக்க வேண்டும்!

ஆனாலும் தோழர்களே, வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கொத்தளம் இன்று காட்சிப் பொருள். அகழியைத் தூர்த்து கோல்ப் விளையாடுகிறார்கள். ஸ்பானியன் 1898-ல் போய்விட்டான். அவன் கட்டிய இன்னொரு மதில் நிற்கிறது. பிடிக்காத புருஷனை ஒரு ஸ்திரீ விவாகரத்துச் செய்துகொள்ள உரிமை தரும் மசோதா 2024-ம் வருஷம் மே மாதத்தில் அந்நாட்டுக் கீழ்ச்சபையில் நிறைவேறியும், மேல்சபையைத் தாண்டவில்லை. குறுக்கே நின்றது பீரங்கியல்ல, சபையின் எதிர்ப்பு. கல் மதிலைப் பீரங்கி உடைக்கும். மனதிலுள்ள மதிலை அறிவுதான் உடைக்க வேண்டும். அதற்கு அவரவர் கையே உதவி.

ஆகவே, நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும், எந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாலும், உயரத்தைப் பார்த்து வாயைப் பிளக்காமல், சுமந்தவன் யார், வாழ்ந்தவன் யார், கொழுத்தவன் யார் என்று கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.