மீண்டும் கருவுற விழைவோர்க்கு

பணியின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியமர்ந்த நம் குடும்பங்களில், வெளியே சொல்லப்படாத துயரம் ஒன்று உண்டு. நெடுநாள் காத்திருந்து உண்டான கரு, இரண்டாம் மாதத்திலோ மூன்றாம் மாதத்திலோ சிதைந்துபோகிறது. ஆறுதல் சொல்லத் தாய் அருகில் இல்லை. மருத்துவமனையில் பேசப்படும் மொழியோ வேறு. ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் முதற்கேள்வி, "நீ என்ன செய்தாய்?" என்பதாகவே இருக்கிறது. அப்பெண்ணுக்குச் சினைப்பை நீர்க்கட்டி நோயும் இருக்குமாயின், பழி இருமடங்காகிவிடுகிறது. இவ்விடத்தில் குற்றவாளியைத் தேடுவதால் பயன் ஏதுமில்லை. நாட்கணக்கை ஒழுங்காக வைத்துக்கொள்வதே பயன் தரும். இன்று நான் சொல்ல வருவது இதுவே.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். சிகாகோ நகர மருத்துவர்களான ஸ்டீன், லெவந்தால் என்னும் இருவர், 1935ஆம் ஆண்டில் ஏழு பெண்களிடம் கண்ட குறிகளைத் தொகுத்து இதனை விவரித்தனர். இன்று மருத்துவர்கள் இதனைப் பி.சி.ஓ.எஸ். என்கின்றனர். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேர் வரை இதற்கு உட்பட்டவர் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் தந்த மதிப்பீடு. நீர்க்கட்டி என்னும் பெயர் கேட்டுப் பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் அவை கட்டிகள் அல்ல. முட்டை முழுதும் முதிராமல் நின்றுவிட்ட சிறு பைகளே. முட்டை மாதந்தோறும் வெளிவருவதில்லை. ஆகவே மாதவிலக்கு நாற்பது நாளுக்கு ஒருமுறையோ, அறுபது நாளுக்கு ஒருமுறையோ வருகிறது. முட்டை வெளிவருவது அரிதாகிறதே அன்றி, அறவே நின்றுவிடுவதில்லை. ஒருமுறை கரு உண்டாயிற்று என்பதே அதற்குச் சான்று.

இனி, கரு சிதைவது ஏன்? உறுதிசெய்யப்பட்ட கருப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இவ்வாறு முடிகின்றன. முதல் மூன்று மாதங்களில் நேரும் இழப்புகளில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கருவின் நிறப்புரிகளில் தொடக்கத்திலேயே நேர்ந்த பிழையாகும். அது உணவினாலோ நடையினாலோ வருவதன்று. ஊருக்கு ரயிலில் சென்று வந்ததும், மாடிப்படி ஏறியதும், குடம் தூக்கியதும் அப்பிழையை உண்டாக்க மாட்டா. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்க்குக் கருச்சிதைவு சற்றுக் கூடுதலாக நேர்கிறது என்பது மெய்யே. ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் தாயாகின்றனர் என்பதும் மெய்.

மருத்துவமனைத் தாளில் காணும் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். தானாக நேர்ந்த கருச்சிதைவையும் மருத்துவ நூல்கள் 'அபார்ஷன்' என்றே குறிப்பதுண்டு. அச்சொல்லைத் தாளில் கண்டு, மருமகள் தானே கலைத்துவிட்டாள் என்று ஐயுறுவோர் உளர். 'ஸ்பாண்டேனியஸ் அபார்ஷன்' என்றால் தானாகச் சிதைந்தது என்றே பொருள். வீட்டுப் பெரியவர்கள் இதனை அறிந்துகொள்வது நலம்.

நாட்கணக்கு எதற்கு என்பதை இனிப் பார்ப்போம். கருவின் வயதை மருத்துவர் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிடுவர். பதினான்காம் நாளில் முட்டை வெளிவரும் என்பது அக்கணக்கின் அடிப்படை. நாற்பத்தைந்து நாள் சுற்றுடைய பெண்ணுக்கோ முட்டை முப்பதாம் நாளையொட்டி வெளிவரக்கூடும். அவள் கரு, கணக்கைவிட இரண்டு வாரம் இளையது. ஸ்கேனில் அது சிறியதாகத் தோன்றும்; இதயத் துடிப்பும் காணாமலிருக்கலாம். அதனாலேயே கரு போயிற்று என்று முடிவு கட்டலாகாது. உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து துடிப்பு தெரியாவிடில், ஒரு வாரமேனும் கழித்து மறுமுறை பார்ப்பதே முறை. கடுமையான வலியோ மிகுந்த உதிரப்போக்கோ மயக்கமோ இருப்பின் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ஆதலால் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு வந்த தேதிகள், முன்னைய ஸ்கேன் அளவுகள், உண்ட மருந்துகள் ஆகியவற்றை எழுதுங்கள். இந்தியோ வங்காளமோ சரளமாக வராத பெண்ணுக்கு அக்குறிப்பேடே துணை. தேதிக்கும் எண்ணுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டா.

மீண்டும் எப்போது முயல்வது? 2005ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் சார்பில் ஆறு மாதம் பொறுக்குமாறு பரிந்துரைக்கப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகளோ, ஆறு மாதத்திற்குள் கருவுறுவதால் தீங்கு மிகுவதில்லை என்று காட்டின. ஆகவே உடல் தேறி, மனமும் இசைந்து, மருத்துவரும் ஒப்பினால் தயங்க வேண்டுவதில்லை. அதற்கு முன் சர்க்கரை, தைராய்டு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்க. ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம், கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே உட்கொள்ளத்தக்கது. உடல் பருத்தவர்க்கு எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலும் முட்டை வெளிவருவது சீர்ப்படலாம். கணவரும் விந்துப் பரிசோதனை செய்துகொள்வது முறை.

முட்டை வெளிவர மருந்துகள் உள்ளன. 2014இல் வெளிவந்த ஆய்வொன்றில் பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்கள் பங்குகொண்டனர். லெட்ரோசோல் பெற்றவர்களில் நூற்றுக்கு 27.5 பேரும், பழைய மருந்தான குளோமிஃபீன் பெற்றவர்களில் 19.1 பேரும் குழந்தை பெற்றனர். லெட்ரோசோலை இப்பயனுக்குத் தருவது நம் நாட்டில் 2011இல் தடைசெய்யப்பட்டு, 2017இல் அத்தடை நீக்கப்பட்டது. மருத்துவர் மேற்பார்வையின்றி இதனை உண்ணலாகாது. இருமுறை கரு சிதைந்திருப்பின், மூன்றாம் முயற்சிக்கு முன் காரணம் தேடும் சோதனைகள் பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பணிபுரியும் சகோதரிகளுக்கு மற்றொன்று. கருச்சிதைவுக்குப் பின் ஆறு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச்சட்டம் வழங்கியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அவ்வுரிமையைக் கொண்டுள்ளது. சட்டத்திற்கு உட்பட்ட நிறுவனங்களில் மருத்துவச் சான்று காட்டி அதனைக் கேட்டுப் பெறலாம். அது சலுகையன்று; உரிமை.

ஊரிலிருக்கும் பெற்றோரும் மாமியாரும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை தொலைபேசியில், "என்ன செய்தாய்?" என்று கேளாமல், "சாப்பிட்டாயா அம்மா? எப்படி இருக்கிறாய்?" என்று கேளுங்கள். ஆயிரம் கல் தொலைவில் தனித்திருக்கும் பெண்ணுக்கு அச்சொல் பெருந்துணையாகும்.