கண் மங்கியவர்க்கும் தொலைநோக்கி
(தோட்ட மண்டபம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரை)



சென்ற மாதம் நமது திடலில் காற்பந்துப் போட்டி நடைபெற்றபோது, கூடாரத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். நகரத்தில் வேலை செய்யும் அவருடைய மகன் ஒரு தொலைநோக்கி வாங்கி வந்து கொடுத்திருந்தார். பைனாகுலர் என்று நாம் வழங்கும் இரட்டைக் குழல் கருவிதான். பெரியவர் அதைக் கண்ணில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். கடைசியில், "என் கண்ணுக்கு இனிமேல் இதெல்லாம் எதற்கு ஐயா?" என்று கூறி மடியில் வைத்துவிட்டார். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று நான் பேச வந்திருக்கிறேன்.

நான் கருவியை வாங்கிப் பார்த்தேன். அதன்மேல் 20×50 என்று பொறித்திருந்தது. எண் பெரிதாக இருந்தால் காட்சியும் சிறப்பாக இருக்கும் என்று கடையில் கூறினார்களாம். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். முதல் எண், பொருளை எத்தனை மடங்கு நெருக்கிக் காட்டும் என்பதைக் குறிக்கிறது. 8 என்றிருந்தால், 80 மீட்டருக்கு அப்பால் ஓடும் ஆட்டக்காரர் 10 மீட்டரில் நிற்பவரைப் போலத் தெரிவார். நமக்கு அதுவே போதும். 20 மடங்கு பெருக்கும் கருவி, கையின் நடுக்கத்தையும் சேர்த்தே பெருக்கும். தாங்கு கால் இல்லாமல் அதைப் பயன்படுத்துவது கடினம். வயது முதிர்ந்தவர்களுக்கு 7 அல்லது 8 மடங்கே ஏற்றது.

இரண்டாவது எண், முன்பக்க வில்லையின் அகலம், மில்லிமீட்டர் கணக்கு. இதை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 8×42 என்றால் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். 20×50 என்றால் இரண்டரைதான். கண்ணுக்குள் செல்லும் ஒளிவட்டத்தின் அளவு இது. உச்சி வெயிலில் நமது கண்மணி சுருங்கி இருப்பதால் வேறுபாடு தெரியாது. மாலை மங்கிய பிறகு, சிறிய வட்டமுள்ள கருவி இருண்ட படத்தையே காட்டும். அன்றியும், கண்ணை இம்மியும் பிசகாமல் வைத்தாக வேண்டும்; சிறிது நகர்ந்தாலும் காட்சி கருத்துவிடும். பார்வை குறைந்தவருக்கு இது பெருந்தொல்லை.

இனி, மூக்குக்கண்ணாடி அணிவோர் கவனிக்க வேண்டியது. கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் உள்ளவர், குறை மிக அதிகமாக இல்லாவிட்டால், கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம்; கருவியின் திருகு அந்தக் குறையை ஈடுசெய்யும். ஆனால் கோடுகள் ஒரு பக்கமாக இழுபட்டு மங்கும் குறையைத் தொலைநோக்கி திருத்தாது. அத்தகையவர் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். அப்போது கண்வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் விளிம்பை மடக்கி, அல்லது திருகித் தாழ்த்திவிட வேண்டும். அதை உயர்த்தியே வைத்திருந்தால் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது போலிருக்கும். வாங்கும்போது, வில்லையிலிருந்து குறைந்தது 15 மில்லிமீட்டர் தள்ளிக் கண் வைத்தாலும் முழுக்காட்சி தெரிகிறதா என்று கேளுங்கள். கருவியோடு வரும் தாளில் அந்த அளவு இருக்கும். உங்கள் கண்ணாடியை அணிந்து பாராமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிவோர் மேற்பகுதி வழியாகவே பார்க்க வேண்டும்.

சரி, பெரியவரிடம் வருவோம். மறு ஞாயிறன்று என்னிடமிருந்த 8×42 கருவியை எடுத்துச் சென்றேன். முதலில் இரு குழல்களையும் மடக்கி விரித்து, இரு வட்டங்களும் ஒரே வட்டமாகத் தெரியும்படி செய்தோம். பிறகு எதிரே இருந்த அறிவிப்புப் பலகையின் எழுத்துகளைப் பார்க்கச் சொன்னேன். வலப்பக்க முன்வில்லையை என் கையால் மறைத்துக்கொண்டேன். கண்ணை இறுக்கி மூடுவதைவிட இவ்வாறு மறைப்பதே நல்லது. நடுவிலுள்ள திருகைத் திருப்பினார். இடக் கண்ணில் எழுத்து துலக்கமாயிற்று. அடுத்து இடப்பக்கத்தை மறைத்து, நடுத்திருகைத் தொடாமல், வலக்கண் வில்லையருகே உள்ள வளையத்தை மட்டும் திருப்பச் சொன்னேன். பெரும்பாலான கருவிகளில் இவ்வளையம் அங்கேதான் உள்ளது. இரு கண்களின் பார்வை வேறுபாட்டைச் சரிசெய்வதற்காகவே அது அமைந்திருக்கிறது. ஒருமுறை சரிசெய்துவிட்டால் அதன்பின் நடுத்திருகு ஒன்றே போதும்.

பெரியவர் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பினார். எழுத்து தெளியவில்லை. "விடியற்காலைப் பனியில் மரத்தைப் பார்ப்பது போல இருக்கிறது" என்றார். வலக்கண் இந்த நிலைக்கு வந்துவிட்டதை அதுவரை அவர் அறியவே இல்லை! இரு கண்களையும் திறந்தே நடமாடுவதால், நல்ல கண் மற்றதன் வேலையையும் சுமந்துகொள்கிறது.

மருத்துவமனையில் அது கண்புரை என்று கூறினார்கள். மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கும் அறுவை இன்று சாதாரணமாகிவிட்டது; அவருக்கும் அது நல்லபடியாக முடிந்தது. ஆனால் எல்லா மங்கலும் கண்புரையாகிவிடாது. இனிப்பு நீர் நோய் விழித்திரையைக் கெடுக்கலாம். கண் அழுத்த நோயால் இழந்த பார்வை திரும்புவதில்லை. ஆகவே, வளையத்தைத் திருப்பியும் ஒரு கண் தெளியவில்லையென்றால் கருவியைக் குறை கூறிக்கொண்டிராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். திடீரென்று பார்வை மங்கினால் அன்றே செல்லுங்கள்.

ஒரு கண்ணில் மட்டுமே பார்வையுள்ளவர்கள் இரட்டைக் குழலுக்குச் செலவிட வேண்டியதில்லை. ஒற்றைக் குழல் கருவிகள் கிடைக்கின்றன. சட்டைப் பையில் அடங்கும், எடையும் குறைவு. காற்பந்துக்கு மட்டுமன்று, காட்டோரத்தில் பறக்கும் இருவாய்ச்சியைப் பார்க்கவும் அது உதவும். நமது நாட்டில் 10 வகை இருவாய்ச்சிகள் உண்டு. தலைவிளக்கின் சிறு வட்டத்துக்குள் பட்டையையும் கத்தியையும் பார்த்தே பழகிய கண்ணுக்கு, அந்த அகன்ற சிறகு ஒரு விருந்து.

எக்கருவியானாலும் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. கண் நிலையாகக் கெட்டுவிடும். பிள்ளைகளிடம் கொடுக்கும்போது இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வில்லையில் தூசி படிந்தால் கைலி முனையால் துடைக்காதீர்கள்; முதலில் ஊதித் தூசியை அகற்றி, பிறகு மெல்லிய துணியால் துடையுங்கள். நமது ஈரக் காற்றில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

அறுவைக்குப் பிறகு பெரியவருக்கு வளையத்தின் பழைய நிலை பொருந்தவில்லை, கண் மாறிவிட்டதல்லவா? மீண்டும் முதலிலிருந்து சரிசெய்தோம். இம்முறை வலக்கண்ணிலும் எழுத்து தெளிந்தது. வளையம் நின்ற இடத்தில், பேத்தியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டார். பேரன் எடுத்துத் திருகிவிட்டாலும், அந்தப் புள்ளிக்குத் திருப்பினால் போதும்.