ஆவியின்படி வாழ்வோம்

(வெள்ளிவிழா நன்றி வழிபாட்டில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கத்தைக் காத்துவந்த இறைவனுக்கு நன்றி கூறும் இந்நாளில், ‘மாம்சத்தின்படி அன்று, ஆவியின்படி வாழ்தல்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். நான் இறையியல் கற்றவன் அல்லன், பள்ளிக்கூட ஆசிரியன். ஆயினும் ஒரு சொல்லின் பொருளை விளக்குவது ஆசிரியனின் தொழில். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

மாம்சம் என்றவுடன் நம்மில் பலர் உடம்பையே நினைக்கின்றனர். உடம்பு இழிந்தது, ஆவி உயர்ந்தது, ஆகவே உடம்பை வெறுப்பதே பக்தி என்று எண்ணுகின்றனர். இது பவுல் அடிகளின் கருத்தன்று. அவர் எழுதிய கிரேக்க மொழியில் இரண்டு சொற்கள் உள்ளன. ‘சோமா’ என்பது உடல். ‘சார்க்ஸ்’ என்பதே நம் வேதாகமத்தில் மாம்சம் எனப்படுகிறது. சில இடங்களில் இச்சொல்லும் வெறும் உடலைக் குறிப்பதுண்டு. ஆனால் ஆவிக்கு எதிராக அதை நிறுத்தும்போது, கடவுளை விட்டுத் தன்னையே நம்பி வாழும் மனிதப் போக்கையே அவர் சுட்டுகிறார். உடலையோ, கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தில், பரிசுத்த ஆவியானவர் தங்கும் ஆலயம் என்கிறார்.

இதை நம் மக்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ளல் வேண்டும். நம் முன்னோரின் உடலைத் தீட்டு என்றது இந்நாட்டுச் சமுதாயம். அவர்கள் விளைவித்த நெல்லை ஏற்றுக்கொண்டு, அவர்களைக் கிணற்றடியிலிருந்து துரத்தியது. அவ்வுடலையே வேதம் ஆலயம் என்கிறது. ஆகவே பசியைத் தணிப்பதும், பிணிக்கு மருந்து தேடுவதும், நியாயமான கூலி கேட்பதும் மாம்சத்தின் கிரியைகள் ஆகமாட்டா. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களுக்கு உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரான தலித் மக்கள் இன்னும் வெளியே நிற்கின்றனர். இதுபற்றிக் குரல் எழுப்புவோரிடம், ‘உலக காரியங்களை விட்டு ஆவிக்குரியவற்றை நாடுங்கள்’ என்று சிலர் புத்தி கூறுகின்றனர். இயேசு பெருமானோ, பசித்த மக்களை வெறுங்கையாக அனுப்ப மனமின்றி, உணவளித்தே அனுப்பினார்.

அங்ஙனமாயின் மாம்சம் என்பது யாது? பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில் பவுல் தம் கதையையே விடையாகத் தருகிறார். தாம் இஸ்ரவேல் இனத்தார், பென்யமீன் கோத்திரத்தார், எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றவர், நியாயப்பிரமாணத்தில் பரிசேயர் என்று தம் பிறப்பின் பெருமைகளை வரிசையாக அடுக்குகிறார். இவற்றை நம்புவதையே மாம்சத்தின்மேல் நம்பிக்கை வைத்தல் என்கிறார். பின்னர் அவை அனைத்தையும் குப்பையென்று தள்ளிவிடுகிறார். அன்பர்களே, குலப்பெருமைக்கு வேதம் சூட்டிய பெயர் மாம்சம் என்பதே!

கலாத்தியர் நிருபத்தின் 2-ஆம் அதிகாரம் மற்றொரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அஞ்சி, பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். கேவலம் ஒரு சாப்பாட்டுப் பந்திக்காக மூத்த அப்போஸ்தலரையே எதிர்த்தது ஏன்? தனிப்பந்தி போடும் சபை சுவிசேஷத்தையே மறுக்கிறது என்பதனாலன்றோ!

நம் தமிழ்நாட்டுச் சபைகள் இப்பாடத்தை எளிதில் கற்கவில்லை. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு அறவே ஒழிதல் வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். அதைப் பொறாமல் தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பக்கம் அமரும்படி பிரித்துக் கட்டப்பட்ட ஆலயத்தின் தடுப்புச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டங்களில் சில ஊர்களில் இன்றும் சுவர் நிற்பதை நீங்கள் அறிவீர்கள்.

பிறர் குற்றத்தைச் சொல்லி முடித்தால் இவ்வுரை இனிதாகவே இருக்கும். ஆனால் ஆவியானவர் நம்மையும் விடுவதில்லை. கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் மாம்சத்தின் கிரியைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. விபசாரமும் வெறியும் அதில் உண்டு. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: பகை, விரோதம், கோபம், சண்டை, பிரிவினை, பொறாமை என மனிதரோடு மனிதர் மோதும் குற்றங்களே பாதிக்கு மேல் உள்ளன. குடியாதவர், சூதாடாதவர் என்று பெயரெடுத்த மனிதரும் இப்பட்டியலில் அகப்படுவார்.

நான் அகப்பட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தின் பொறுப்பாளர் தேர்தலில் நின்று தோற்றேன். என்னைத் தோற்கடித்தவர்கள் முகத்தில் விழிக்கலாகாது என்று, நான் நடத்திவந்த இரவு வகுப்பை நிறுத்தினேன். நீதிக்காகவே விலகினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிறுதோறும் ஆலயத்துக்கும் தவறாமல் சென்றேன். அவ்வாண்டு நம் காலனிப் பிள்ளைகள் மூவர் பத்தாம் வகுப்பில் தவறினர். அவர்களுள் ஒருவனின் தாய், வயல்வேலை முடிந்து சேறு காயாத காலோடு என் வாசலில் நின்று, “சார், உங்களுக்குள்ள ஆயிரம் இருக்கட்டும். பிள்ளைங்க என்ன பண்ணுச்சு?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. மறுவாரம் வகுப்பைத் திறந்தேன். இருவர் மீண்டும் எழுதித் தேறினர். மூன்றாமவன் திரும்பி வரவில்லை. வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். அவனை நினைக்காமல் என்னால் ஜெபிக்க இயலவில்லை. மாம்சத்தின்படி நடப்பது என்றால் என்னவென்று எனக்குக் கற்பித்தது அந்த ஓராண்டே.

நம்முள்ளும் உட்பிரிவு பேசி ஒருவரையொருவர் தாழ்த்துகிறோம். அரசுப் பணி கிடைத்தவுடன் காலனிக்கு வரும் வழியை மறக்கிறோம். இவையும் மாம்சமே.

ஆவியின் கனியோ வேறு. கிரியைகள் பல, கனி என்று ஒருமையிலேயே சொல்லப்பட்டுள்ளது. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் ஆகிய ஒன்பதும் ஒரே கனியின் சுவைகள். கனி ஓரிரவில் பழுப்பதில்லை. மரம் வேரூன்றி நிற்றல் வேண்டும். கிறிஸ்துவைப் பற்றி நிற்பதே அவ்வேர். சாந்தம் என்பது கோழைத்தனமும் அன்று. பந்திக்காகப் பேதுருவை எதிர்த்த பவுலே சாந்தத்தையும் எழுதினார் என்பதை மறவாதீர்கள்.

இளைஞர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, மதுவைத் தொடாதீர்கள். உங்கள் உடல் ஆலயம். இரண்டாவது, படித்து முன்னேறிய ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையின் படிப்பையாவது தம் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவது, சங்கத்தில் கருத்து மாறுபட்டால் கூட்டத்திலேயே எழுந்து பேசுங்கள். வென்றாலும் தோற்றாலும் மறுநாள் வகுப்பு நடைபெறட்டும்.

பிற சமயத்தைச் சேர்ந்த உறுப்பினர்களும் இங்கு அமர்ந்துள்ளீர்கள். நான் என் வேதத்தின் மொழியில் பேசினேன். தன்னலத்தை வென்று பிறருக்காக வாழ்தல் உங்களுக்கும் அயலான செய்தி அன்று என்று நம்புகிறேன்.

கர்த்தருடைய ஆவி நம்மை நடத்துவாராக. சங்கம் வளர்க!